பொலிமர்ச் சூரியக்கலம் பழுதானால் எங்கே போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் பொலிமர்ச் சூரியக்கலப் படலத்தின் ஒரு துண்டைக் கொண்டுவந்து தந்தார். கொப்பி மட்டையளவு தடிப்பில், சுருட்டி வைக்கக்கூடியதாக இருந்த அந்தத் துண்டை வகுப்பறைக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலுள்ள சனசமூக நிலையங்கள் சிலவற்றுக்கும் எடுத்துச் சென்று காட்டியபோது, அது எவ்வளவு மின் தரும் என்று கேட்டவர்களைவிட, பழுதானால் அதை எங்கே போடுவது என்று கேட்டவர்களே அதிகம். கிணற்றுநீரை நம்பி வாழும் ஊரில் அது இயல்புதான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சோலர் எண்டால் சோலர்தானே, இதில என்ன புதுசு?

நமது கூரைகளில் இருப்பவை சிலிக்கன் தகடுகள். மணலிலிருந்து பெறப்படும் சிலிக்கனை மிகத் தூய்மையாக்கி, 1414 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கி, பளிங்காக வளர்த்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, கண்ணாடிக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் நடுவே வைத்துச் செய்கிறார்கள். பொலிமர்ச் சூரியக்கலத்தில் அந்த இடத்தைப் பிடிப்பது, மின்னைக் கடத்தும் பல்பகுதியமொன்றை, அதாவது பொலிமரை, கரைப்பானில் கரைத்த மை. அந்த மையைப் பிளாஸ்ரிக் சுருளின் மேல் பத்திரிகை அச்சிடுவதுபோல அச்சிட்டுவிடலாம். மின் கடத்தும் பல்பகுதியங்களைக் கண்டறிந்ததற்காக ஹீகர், மக்டயாமிட், ஷிரகாவா ஆகிய மூவருக்கும் 2000 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தப் பக்கம் முழுவதற்கும் தேவைப்படும் கணக்கு ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளியை உறிஞ்சும் படை ஏறத்தாழ 200 நனோமீற்றர் தடிப்புடையது. அதன்படி ஒரு சதுர மீற்றர் படலத்தில் இருக்கும் அந்தப் பொருளின் நிறை கிராமின் ஐந்தில் ஒரு பங்குதான். படலத்தின் மொத்த நிறையோ அரைக் கிலோ அளவு வரும். எஞ்சியதெல்லாம் போத்தல் செய்யும் அதே பெற் (PET) பிளாஸ்ரிக், பசை, ஈரம் புகாமல் தடுக்கும் மேலுறை, வெள்ளிக் கோடுகள் ஆகியவையே. ஆகவே கழிவைப் பற்றிப் பேசும்போது, பெயரில் இருக்கும் பொலிமரைவிட அதைச் சுற்றியிருக்கும் பொதியைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

ஓர்கானிக் சோலர் எண்டும் சொல்லீனம். அப்ப சேதனப் பசளை மாதிரி மண்ணோட மண்ணாப் போகுமோ?

போகாது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டுத் தோட்டக்காரர் பட்ட பாட்டுக்குப் பின்னர், ‘சேதனம்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்குச் சாணியும் குழையும் நினைவுக்கு வருகின்றன. இரசாயனவியலில் சேதனச் சேர்வை என்பது காபனை அடிப்படையாகக் கொண்ட சேர்வை என்ற பொருளை மட்டுமே தரும். மண்ணெண்ணெயும் சேதனம், பொலித்தீனும் சேதனம். இந்தக் கலங்களில் உள்ள பல்பகுதியங்கள், நுண்ணுயிர்கள் இலகுவில் உடைத்துத் தின்னக்கூடிய அமைப்பைக் கொண்டவை அல்ல. அவற்றைச் சுற்றியுள்ள பெற் பிளாஸ்ரிக்கும் அப்படித்தான்.

இதைச் செய்யிறதுக்குக் கொஞ்ச மின்சாரம்தான் போகுமாமே, உண்மையோ?

பெரும்பாலும் உண்மை, ஆனால் என்ன பொருளை வைத்துச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு சூரியக்கலத்தைச் செய்யச் செலவான சக்தியை அந்தக் கலமே திருப்பி உண்டாக்க எடுக்கும் காலத்தை ‘சக்தி மீள்காலம்’ என்று கொள்ளலாம். இன்றைய சிலிக்கன் தகடுகளுக்கு அது ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுவரை வரும். டென்மார்க்கில் சுருளுக்குச் சுருள் அச்சிடப்பட்ட தொடக்ககாலப் பொலிமர்க் கலங்களைப் பற்றி 2011 இல் வெளியான ஆய்வொன்று, வினைத்திறன் (விழும் ஒளிச்சக்தியில் மின்னாக மாறும் பங்கு) 2 சதவீதமாக இருந்தால் 2 ஆண்டுகளும் 3 சதவீதமாக இருந்தால் 1.35 ஆண்டுகளும் ஆகும் என்று கணித்தது. அதாவது அந்தத் தொடக்ககாலக் கலங்கள் இன்றைய சிலிக்கனைவிட மேலானவையாக இருக்கவில்லை.

அந்தச் சக்திச் செலவில் பெரும்பங்கு பொலிமருக்குப் போகவில்லை. ஒளியை உள்ளே விட்டுக்கொண்டே மின்னையும் கடத்த வேண்டிய முன்பக்க மின்வாய்க்காகப் பூசப்பட்ட இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டுத்தான் அதை விழுங்கியது. அதை வெற்றிட அறைக்குள் வைத்துப் பூச வேண்டும். இந்தியமும் தனியான சுரங்கமில்லாமல் பெரும்பாலும் நாகச் (துத்தநாகச்) சுரங்கத் தொழிலின் துணைவிளைவாகவே கிடைக்கும் அரிய உலோகம். அதை விலக்கி, மெல்லிய வெள்ளி வலையையும் கடத்தும் பொலிமர் மையையும் கொண்டு மின்வாயை அச்சிடத் தொடங்கிய பின்னரே மீள்காலம் மாதக்கணக்குக்கு இறங்கியது. ஆனால் வெள்ளியை உள்ளே கொண்டுவந்ததும் அதே மாற்றந்தான். அதற்கான விலையை ஆயுள் முடிவில் கொடுக்க வேண்டியிருப்பதைக் கீழே பார்ப்போம்.

செய்யிற இடத்தில நஞ்சு ஒண்டும் பாவிக்கிறேல்லையோ?

பாவிக்கிறார்கள். ஆய்வுகூடங்களில் நீண்டகாலமாகப் பயன்பட்ட கரைப்பான்கள் குளோரோபென்சீன், இருகுளோரோபென்சீன், குளோரோபோம் போன்ற குளோரீன் சேர்ந்தவை. ஒரு துளி எடுத்து விரல்நகமளவு கலம் செய்பவருக்கு அது பெரிய விடயமல்ல. கிலோமீற்றர் கணக்கில் அச்சிடும் தொழிற்சாலையில் அந்த ஆவி முழுவதையும் பிடித்துத் திரும்ப எடுக்காவிட்டால் தொழிலாளரின் நுரையீரலும் ஈரலும் அதற்கு விலை கொடுக்கும். சைலீன் போன்ற குளோரீனற்ற கரைப்பான்களுக்கு மாறுவதும், பொலிமரை நீரில் நுண்துணிக்கைகளாக மிதக்கவிட்டு அச்சிடுவதும் இதற்கான முயற்சிகள்.

அண்மைக்காலத்தில் வினைத்திறன் வேகமாக உயர்ந்ததற்கு, 2019 இல் அறிமுகமான ‘வை6’ போன்ற புதிய ஏற்பி மூலக்கூறுகள் (பொலிமரிடமிருந்து இலத்திரனை வாங்கிக்கொள்பவை) முக்கிய காரணம். ஆய்வுகூடச் சிறுகலங்கள் 19 சதவீதத்தையும் தாண்டிவிட்டன. ஆனால் அந்த மூலக்கூறுகளைத் தொகுக்கப் பல படிமுறைகள் தேவை. ஒவ்வொரு படிமுறையிலும் கரைப்பானும் கழிவும் சேரும். மூலக்கூறில் புளோரீனும் இருக்கிறது. வினைத்திறன் அட்டவணையில் இந்தச் செலவுக்கென்று ஒரு நிரல் இல்லை.

ஈயம், கட்மியம் மாதிரிச் சாமான் இதுக்குள்ள கிடக்கோ?

பொலிமர்க் கலத்துக்குள் இல்லை. கட்மியம் இருப்பது கட்மியம் தெலுரைட்டுத் தகடுகளில். ஈயம் இருப்பது இப்போது பெரிதாகப் பேசப்படும் பெரோவ்ஸ்கைட்டுக் கலங்களிலும், பல சிலிக்கன் தகடுகளின் பற்றாசிலும். பொலிமர், கட்மியம் தெலுரைட்டு, பெரோவ்ஸ்கைட்டு ஆகிய மூன்றும் ‘மெல்லிய படலம்’ என்ற ஒரே பெயரில் விளம்பரப்படுத்தப்படுவதால் குழப்பம் வருகிறது. பெயரை நம்பாமல் உள்ளே இருக்கும் பொருளைக் கேட்டு அறிய வேண்டும். பொலிமர்க் கலத்தில் கவனிக்க வேண்டிய உலோகங்கள் வெள்ளியும், சில வேளைகளில் இந்தியமும், மிகக் குறைந்த அளவில் நாக ஒட்சைட்டும் ஆகும்.

படலத்தோடு சேர்த்து விற்கப்படும் விளக்குக்குள்ளும் தொலைபேசி மின்னேற்றிக்குள்ளும் இருக்கும் பற்றரியை மறந்துவிடக் கூடாது. பல வேளைகளில் முழுப் பொருளிலும் ஆபத்தான பகுதி அதுவே. படலத்தைப் பற்றி என்னிடம் அரை மணிநேரம் வாதாடிய ஒருவர், பழைய ஈய அமிலப் பற்றரியின் நீரைக் கிணற்றடி வாழைக்கு அருகில் ஊற்றியதாகச் சாதாரணமாகச் சொன்னார்.

எத்தினை வருஷம் உழைக்கும்? எங்கட வெயிலுக்கும் உப்புக்காத்துக்கும் நிண்டுபிடிக்குமோ?

சிலிக்கன் தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தரும் சந்தையில், வெளியில் வைக்கப்படும் பொலிமர்ப் படலம் சில ஆண்டுகளே நன்றாக உழைக்கிறது. ஒட்சிசன், நீராவி, புறஊதாக் கதிர், வெப்பம் ஆகிய நான்கும் அதற்குப் பகை. நான்கும் யாழ்ப்பாணத்தில் குறைவில்லாமல் கிடைக்கின்றன. பொதுவாக விளிம்பிலுள்ள பசை இளகி, அதன் வழியே ஈரம் புகுந்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி நிறம் மங்கிக்கொண்டு வரும். கடற்கரையோரத்தில் இணைப்பு முனையிலுள்ள உலோகமும் உப்புப் படிந்து அரிக்கப்படும்.

ஆயுளை நீட்ட வேண்டுமானால் மேலுறையைத் தடிப்பாகவும் இறுக்கமாகவும் ஒட்ட வேண்டும். அவ்வாறு ஒட்டினால் ஆயுள் முடிவில் படைகளைப் பிரிப்பது இன்னும் கடினமாகும். இந்தத் துறையின் கழிவுச் சிக்கலுக்கு இந்த முரண்தான் ஆணிவேர் என்பது என் கருத்து.

கனம் குறைவு எண்டால் குப்பையும் குறைவுதானே?

நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வகுப்பில் கரும்பலகையில் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நம்பிக்கை குறைந்தது. சிலிக்கன் தகடு ஒரு சதுர மீற்றருக்கு 11 கிலோ, வினைத்திறன் 20 சதவீதம், ஆயுள் 25 ஆண்டு என்றும், பொலிமர்ப் படலம் அரைக் கிலோ, 7 சதவீதம், 5 ஆண்டு என்றும் வைத்துக்கொள்வோம். அதே அளவு மின்னைப் பெற ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்பு வேண்டும். 25 ஆண்டுக்குள் ஐந்து தடவை புதிது போட வேண்டும். மொத்தம் 15 சதுர மீற்றர், அதாவது 7.5 கிலோ. படலம் மூன்றே ஆண்டுகளில் பழுதானால் அது 12 கிலோவைத் தாண்டி, சிலிக்கனையும் விஞ்சிவிடும்.

அளவைவிட வகை முக்கியம். சிலிக்கன் தகட்டின் 11 கிலோவில் முக்கால்வாசி அளவு கண்ணாடி, அடுத்து அலுமினியம். அலுமினியத்தைப் பழைய இரும்பு எடுப்பவர் வாசலுக்கே வந்து விலை கொடுத்து வாங்குவார். படலத்தின் 7.5 கிலோவை வாங்க எவரும் வரமாட்டார்கள். இருந்தாலும் சிலிக்கன் கழிவு சிறிய பிரச்சினை என்று இதற்குப் பொருளல்ல: 2050 அளவில் உலகில் 7 கோடியே 80 இலட்சம் தொன் சூரியத் தகட்டுக் கழிவு சேரக்கூடும் என்று சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க சக்தி முகவரகம் 2016 இல் கணித்தது. இலங்கையில் கூரைச் சூரியமின்னுக்கான ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் தொடங்கியதும் அதே 2016 இல்தான்; அப்போது ஏற்றிய தகடுகள் 2040 களில் கீழே இறங்கும்.

பெற் பிளாஸ்ரிக் எண்டு சொல்லுறியள், அப்ப போத்தல் சேர்க்கிறவையிட்டக் குடுத்தால் என்ன?

கொடுக்க வேண்டாம். போத்தல் ஒரே பொருளால் ஆனது. மூடியைக் கழற்றி, கழுவி, நொறுக்கி, உருக்கலாம். படலத்தில் பெற் பிளாஸ்ரிக்கின் மேல் வெள்ளி, பொலிமர், ஒட்சைட்டு, பசை, மீண்டும் பிளாஸ்ரிக் என்று பிரிக்க முடியாதபடி படைகள் ஒட்டியிருக்கின்றன. மிக்சர் பைக்கற்றின் உட்புறம் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை எவரும் மீள்சுழற்சிக்கு எடுக்காததற்கும் இதுவே காரணம். ஒரு துண்டு படலம் போத்தல் மூடைக்குள் போனால் முழு மூடையின் தரமும் கெடும்.

அப்ப வேலிக்கரையில போட்டு எரிச்சுவிட்டால் முடிஞ்சுதே?

பெற் பிளாஸ்ரிக் திறந்த வெளியில் எரியும்போது கரும்புகையும் காபனோரொட்சைட்டும் வேறு நச்சு ஆவிகளும் வரும். மேலுறை புளோரீன் கலந்த பிளாஸ்ரிக்காக இருந்தால் ஐதரசன் புளோரைட்டு வரும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் வாயு. வெள்ளி எரிந்துபோகாது. சாம்பலில் தங்கி, அந்தச் சாம்பலைக் கத்தரிப் பாத்திக்குப் போடும் நம் பழக்கத்தால் தோட்டத்துக்கே போகும். கல்லுண்டாய்க் குப்பைமேட்டில் தீப்பிடித்த நாட்களில் அந்தப் பக்கத்தால் போனவர்களுக்குக் கலவைப் பிளாஸ்ரிக் எரியும் மணத்தை விளக்கத் தேவையில்லை. உயர்வெப்பநிலையில், புகையைக் கழுவும் வசதியோடு எரிப்பது வேறு விடயம். அங்கே பிளாஸ்ரிக்கின் சக்தியையும் பெறலாம், சாம்பலிலிருந்து வெள்ளியையும் எடுக்கலாம். வேலிக்கரை அதற்கு ஏற்ற இடமல்ல.

தாட்டால் கிணத்துத் தண்ணிக்கு ஏதும் வருமோ?

இதுதான் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, செம்மண்ணின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளாலும் குகைகளாலும் இறங்கி நிலத்தடியில் சேர்கிறது; அதையே ஆண்டு முழுவதும் அள்ளுகிறோம். மணற்படுக்கையில் மெதுவாக வடிந்து சுத்தமாவதுபோல வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் நீர் சுத்தமாவதில்லை. உரத்தின் நைத்திரேற்று நமது கிணறுகளில் ஏறியதும் இந்த வழியால்தான். 2014 ஐ அண்டிய ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டபோது, நிலத்தில் ஓரிடத்தில் விட்டது அயலவரின் வாளியில் வரும் என்பதை எல்லாரும் கண்டுகொண்டோம்.

படலத்தைப் பொறுத்தவரை, பொலிமர் நீரில் கரையாது, அளவும் முதற் கேள்வியில் சொன்னபடி மிகச் சிறிது. கவனம் வெள்ளியின் மேல் இருக்க வேண்டும். உறை முழுதாக இருக்கும்வரை வெள்ளி வெளியேறுவது அரிது. வெட்டியோ கிழித்தோ புதைத்தால், திறந்த ஓரங்களின் வழியே சிறிது சிறிதாகக் கரையத் தொடங்கும். வெள்ளி அயன் மனிதருக்குப் பெரிய நஞ்சல்ல என்றாலும், நீரிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்களுக்கு மிகக் குறைந்த செறிவிலேயே கேடு தரும். ஒரு வீட்டின் ஒரு துண்டால் கிணறு கெட்டுவிடும் என்று சொல்லமாட்டேன். ஒரு பிரதேச சபையின் முழுக் கழிவும் ஒரே குழியில் நொறுங்கிக் கிடந்தால் அதே பதிலைச் சொல்ல எனக்குத் துணிவு வராது. பிளாஸ்ரிக்கோ தலைமுறைகளைக் கடந்து நுண்துகள்களாகக் கிடக்கும்.

பட்டறைக் குப்பையில தங்கம், வெள்ளி எடுக்கிற மாதிரி நாங்களே வெள்ளியை எடுத்தால்?

இரசாயனவியல் முறைப்படி அது சாத்தியமே, தொழில்முறையில் செய்வதும் ஏறத்தாழ அதைத்தான். டென்மார்க்கின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில், பழுதான படலங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நைத்திரிக்கமிலத்தில் ஊறவைத்து, கரைந்த வெள்ளியை வெள்ளிக் குளோரைட்டாக வீழ்படியச் செய்து, அதிலுள்ள வெள்ளியின் பெரும்பகுதியை மீட்டுக் காட்டினார்கள். வெள்ளி நைத்திரேற்றில் உப்புக் கரைசலை விட்டால் வெண்ணிற வீழ்படிவு தோன்றுவதை உயர்தர மாணவர் எல்லாரும் சோதனைக்குழாயில் பார்த்திருப்பார்கள்.

ஆனாலும் வீட்டில் செய்யக் கூடாது. செறிந்த நைத்திரிக்கமிலம் உலோகத்தோடு தாக்கமுறும்போது எழும் கபிலநிறப் புகை நைதரசனீரொட்சைட்டு. அதைச் சுவாசித்தவர் அப்போது நலமாக இருப்பதுபோலத் தெரிந்து, பல மணிநேரத்துக்குப் பின்னர் நுரையீரலில் நீர் கோத்து உயிராபத்துக்கு உள்ளாகலாம். எஞ்சும் அமிலத்தை எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்டால் பதில் மீண்டும் முற்றத்தில்தான் முடியும். அதற்குப் படலத்தை அப்படியே புதைத்திருந்தால் சேதம் குறைவு. கிடைக்கும் வெள்ளி ஒரு மெட்டிக்கும் காணாது.

விக்கிற கொம்பனி திரும்ப எடுக்காதோ? அதுக்குச் சட்டம் ஒண்டும் இல்லையோ?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. 2012 இல் திருத்தப்பட்ட மின், இலத்திரனியல் கழிவுப் பணிப்புரை சூரியத் தகடுகளையும் உள்ளடக்கி, சந்தைக்கு விடுபவரே அவற்றைத் திரும்ப எடுக்கும் செலவைச் சுமக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதன் இலக்குகள் நிறையை வைத்தே கணிக்கப்படுகின்றன. சிலிக்கன் தகட்டில் கண்ணாடியையும் அலுமினியத்தையும் எடுத்தாலே இலக்கை எட்டிவிடலாம். நிறையில் மிகச் சிறு பங்கான வெள்ளியை எடுக்க அது எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கண்ணாடியும் அலுமினியமும் இல்லாத படலத்துக்கு அந்த அளவுகோல் எப்படியும் பொருந்தாது.

இலங்கையில் இலத்திரனியல் கழிவு, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி அட்டவணைப்படுத்திய கழிவுகளுள் அடங்கும்; அதைச் சேகரிப்பவர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்புவதானால், நாடுகளுக்கிடையே கழிவு கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் பேசல் சமவாயத்தின் கீழ் பெறும் நாட்டின் முன்சம்மதம் தேவை. 2025 ஜனவரி முதல் ஆபத்தற்ற இலத்திரனியல் கழிவுக்கும் அது பொருந்துகிறது. எனவே ‘பழுதானால் எங்களிடம் அனுப்பிவிடுங்கள்’ என்று ஒரு வெளிநாட்டு விற்பனையாளர் சொன்னால், அனுப்பும் நடைமுறையை எழுத்தில் கேளுங்கள். நிறுவனமே அப்போது இருக்குமா என்பது இன்னொரு கேள்வி: இத்துறையின் முன்னோடியான அமெரிக்காவின் கொனார்க்கா நிறுவனம், 2001 இல் தொடங்கி 2012 இல் வங்குரோத்தானது.

தண்ணீரில் கரையும் சூரியக்கலம் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாக வாசித்தேன், சேர். அது வந்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

மாணவி ஒருவர் கேட்ட நல்ல கேள்வி. 2013 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து, மரத்திலிருந்து பெறப்படும் செலுலோசு நனோபளிங்குத் தாளின் மேல் ஒரு கலத்தைச் செய்தன. அறைவெப்பநிலை நீரில் போட்டால் தாள் கரைந்து படைகள் தனித்தனியாகப் பிரிந்தன. வினைத்திறன் 2.7 சதவீதம். ஆறாவது கேள்விக்குச் சொன்ன முரணை அவர்கள் மறுமுனையிலிருந்து அணுகினார்கள்: பிரிப்பதற்கு இலகுவாக முதலிலேயே வடிவமைத்தார்கள். ஆனால் நீரில் பிரியும் கலத்தை நமது கார்த்திகை மழைக்குக் கீழே வைப்பதற்கு மேலே ஓர் உறை வேண்டும். உறை என்றதும் பிளாஸ்ரிக்கும் பசையும் திரும்பி வருகின்றன. சரியான பசையைக் கண்டுபிடிப்பதில்தான் இனி வேலை இருக்கிறது: உழைக்கும்வரை விடாமலும், வேண்டிய நேரத்தில் சூட்டுக்கோ ஒரு கரைப்பானுக்கோ விட்டுக்கொடுத்தும் பிரியும் பசை.

எல்லாத்தையும் சொல்லிப்போட்டியள். இப்ப வாங்கலாமோ, வேண்டாமோ?

வீட்டுக் கூரைக்கு என்றால், இன்றைக்கு வேண்டாம்; ஓடும் மரமும் தாங்குமானால் சிலிக்கன் தகடே நீண்ட கணக்கில் மீட்க முடியாத கழிவைக் குறைவாகத் தரும். பாரம் தாங்காத தகரக் கொட்டில், பயிர்வளர்ப்புக் கூடாரம், படகின் மேல்விரிப்பு, தீவுகளுக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய அவசர விளக்கு போன்றவற்றுக்குப் படலத்தின் இலேசு உண்மையான நன்மை. வாங்கும்போது வெள்ளி இருக்கிறதா, மேலுறை புளோரீன் கலந்ததா, பற்றரியைக் கழற்ற முடியுமா, யார் திரும்ப எடுப்பார் என்று கேளுங்கள். பதில் தெரியாமலே ஏதோ சொல்லிச் சமாளிக்கும் விற்பனையாளரைவிட, தெரியாது என்று ஒப்புக்கொள்பவரை நான் நம்புவேன். பழுதானதை வெட்டாமல், மடிக்காமல், பற்றரியைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, மழை படாத இடத்தில் சுருட்டி வையுங்கள். அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவுச் சேகரிப்பாளர் வரும்போது மற்றப் பிளாஸ்ரிக்குடன் கலக்காமல் கொடுங்கள்.

உங்கட துண்டு இப்ப எங்க, சேர்?

இரண்டாவது மாரியில் அதன் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வகுப்பில் சிறு மின்விசிறியைச் சுற்றும் அளவுக்குக்கூட மின் தரவில்லை. இப்போது ஆய்வுகூட அலுமாரியில், பழைய பிஸ்கற் ரின் ஒன்றுக்குள், வந்த திகதியும் நின்ற திகதியும் எழுதி ஒட்டப்பட்டபடி இருக்கிறது. இதுவரை இரண்டு சேகரிப்பாளர்களிடம் கேட்டேன். ஒருவர் பற்றரி இருந்தால் எடுப்பதாகச் சொன்னார். மற்றவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது என்ன என்று என்னிடமே கேட்டார்.